நகம் நிறம் மாறினால்...

– இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்



மலர்க்குழுத் தோழர்கள் என்னிடம் வந்து, "ஏதாவது எழுதிக் குடுப்பா, ஒரு கவிதையாவது குடு" என்றார்கள். கவிதை எனக்கு வராது. எந்திரங்களைப் பற்றி எழுதலாம் என்றால், என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் எங்கள் பிரிவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். கடைசியில், முதலாமாண்டில் நான் என் உடம்பிலேயே படித்த ஒரு பாடத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன். அது விரல் நகத்தைப் பற்றிய பாடம். "நகத்துல என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அப்படி அலட்சியமாக இருந்தவன்தான் நானும்.

ஃபிட்டிங் ஷாப்பில் தொடங்கிய பாடம்

முதலாமாண்டு அக்டோபர் மாதம். ஃபிட்டிங் ஷாப்பில் எம்.எஸ். தகட்டை வைஸில் பிடித்து உளியால் வெட்டிக் கொண்டிருந்தோம். "கண்ணு உளி முனையில இருக்கணும். உளித் தலையைப் பாக்காதே, ஊரைப் பாக்காதே" என்று இன்ஸ்ட்ரக்டர் சார் நூறு தடவை சொல்லியிருந்தார். நான் ஊரைப் பார்த்தேன். சுத்தியல் உளியை விட்டுவிட்டு என் இடது கட்டை விரலில் இறங்கியது.

வலியை எழுதிக் காட்ட முடியாது. சாயங்காலத்துக்குள் நகம் கருநீலமாகி, இரவு முழுவதும் விண் விண்ணென்று தெறித்தது. ஹாஸ்டலில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவன் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொன்னான். இன்னொருவன் ஊசியைச் சுட வைத்துக் கொண்டு வந்து, "ஒரே குத்து மாப்ளே, சரியாப் போயிடும்" என்று கையைப் பிடித்தான். நல்ல வேளையாக வார்டன் வந்துவிட்டார்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை. பிறகு டாக்டர், சுத்தம் செய்த கருவியால் நகத்தில் ஒரு சின்னத் துளை போட்டார். நகத்துக்கு உணர்ச்சி கிடையாது என்பதால் துளை போட்டது தெரியவே இல்லை. கறுத்த ரத்தம் இரண்டு சொட்டு வெளியே வந்தது. அவ்வளவுதான், பிரஷர் குக்கரின் வெயிட்டைத் தூக்கி விட்டது போல வலி இறங்கிவிட்டது. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் மாட்டிக் கொண்ட ரத்தம் போக வழியில்லாமல் அழுத்தியதுதான் வலிக்குக் காரணம்.

ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். நசுங்கிய நகத்தில் துளை போடுவது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. அடிபட்ட ஓரிரு நாளுக்குள் போனால்தான் அதற்குப் பலன். உள்ளே எலும்பு முறிந்திருக்கும்போது ஹாஸ்டல் ஊசியால் குத்தினால், சீழ் எலும்பு வரைக்கும் போய்விடும். வலி பெரிதாக இல்லையென்றால் நகத்தை ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து தானாக வெளியேறிவிடும்.

நகம் என்பது என்ன?

நகம் என்பது கெராட்டின் என்ற புரதத்தால் ஆன தகடு. முடியும் மாட்டுக் கொம்பும்கூட இதே வகைப் பொருள்தான். நகத்தின் அடிப்பக்கம், தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்தான் இந்தத் தகட்டைத் தயாரிக்கும் பட்டறை. அந்தப் பட்டறையின் முன்பகுதிதான் கட்டை விரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை. தகட்டின் கீழே ரத்தக் குழாய்கள் நிறைந்த சதைப் படுக்கை இருக்கிறது.

நகத்துக்கென்று தனியாக நிறம் கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? அது கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு, அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம். ஆகவே நிறம் மாறினால் காரணம் மூன்றே இடங்களில்தான் இருக்க முடியும். கண்ணாடியின் மேல் கறை படிந்திருக்க வேண்டும், கண்ணாடியே கெட்டிருக்க வேண்டும், அல்லது கண்ணாடிக்குக் கீழே உள்ளது மாறியிருக்க வேண்டும்.

கை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். கால் நகம் இன்னும் மெதுவு, 12 முதல் 18 மாதம் வரை ஆகலாம். அமெரிக்காவில் வில்லியம் பீன் என்ற டாக்டர் தம் இடது கட்டை விரல் நகத்தையே 35 வருடம் அளந்து 1980-இல் முடிவை வெளியிட்டார். அவருக்கு 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ. மட்டுமே வளர்ந்தது.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய வெர்னியர் காலிப்பர் ஒன்றைத் தேடிப் பிடித்து, என் கருப்புத் திட்டு தோல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று வாரா வாரம் அளந்து ரஃப் நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஹாஸ்டலில் எனக்கு "நக விஞ்ஞானி" என்று பேர் வைத்தார்கள்.

டாக்டர் சொன்ன மூன்று கேள்விகள்

மறு பரிசோதனைக்குப் போனபோது, மற்ற விரல்களில் இருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, "இது கால்சியம் குறைவா சார்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார்.

"மெக்கானிக்கல்தானே நீ? வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன பண்ணுவே? எடுத்த உடனே இன்ஜினைப் பிரிச்சுப் போடுவியா?"

"இல்லை சார். பெட்ரோல் இருக்கா, பிளக்கில ஸ்பார்க் வருதான்னு வரிசையாப் பார்ப்போம்."

"அப்ப நகத்துக்கும் அப்படியே பாரு" என்று சொல்லி மூன்று கேள்விகள் கொடுத்தார்.

1. ஒரு நகத்தில் மட்டுமா, எல்லா நகத்திலுமா? ஒன்றிரண்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த விரலில்தான் கோளாறு: அடி, கறை, பூஞ்சை போன்றவை. எல்லா நகமும் ஒன்று போல மாறினால், உடம்புக்குள் தேட வேண்டும்.

2. நகம் வளர வளர நிறமும் நகர்கிறதா? நகர்ந்தால் அது தகட்டிலோ, தகட்டோடு ஒட்டியோ இருக்கிறது. நகராமல் அதே இடத்தில் நின்றால், கோளாறு கீழே சதைப் படுக்கையில், அல்லது வேரிலேயே இருக்கிறது.

3. நகத்தை அழுத்தினால் நிறம் மாறுகிறதா? மாறினால் அது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. மாறாவிட்டால் கறை, நிறமி, உறைந்த ரத்தம் இவற்றில் ஒன்று.

இந்த மூன்றும் வியாதியைக் கண்டுபிடித்துவிடாது. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டும். இனி ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

மேலே படியும் கறைகள்

மருதாணி, மஞ்சள், பீடி சிகரெட் புகை, அடர்நிற நகப்பூச்சு – இவை மஞ்சளும் பழுப்புமாகக் கறை தரும். எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் நகத்தைப் பார்த்தாலே அன்று என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம். நம் வேதியியல் ஆய்வகத்திலும் மூன்று ஆசாமிகள் உண்டு. சில்வர் நைட்ரேட் பட்டால் வெளிச்சத்தில் கறுக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பழுப்பாக்கும். நைட்ரிக் அமிலம் நகத்தின் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளாக்கும்.

கறையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. வெளியிலிருந்து படிந்த கறை கொஞ்ச நாள் வளர்ந்த பிறகு, அதன் பின்விளிம்பு தோல் விளிம்பின் வளைவைப் போலவே இருக்கும். உள்ளேயிருந்து வந்த நிறத்தின் விளிம்பு பிறையின் வளைவைப் போல இருக்கும். புகைப்பதை விட்டவர்களின் நகத்தில் முன்பாதி பழுப்பாகவும் பின்பாதி சுத்தமாகவும் ஒரு கோடு விழும். என்றைக்கு விட்டார் என்பதைக்கூட அந்தக் கோட்டின் தூரத்தை வைத்துக் கணக்குப் போடலாம்!

கறைக்கு மருந்து வேண்டாம். காரணத்தை விட்டால் போதும், நகம் வளர்ந்து அதுவே போய்விடும். பிளேடால் சுரண்டுவது, ஆசிட் கலந்த கிளீனரில் விரலை விடுவது – இந்த வீரச் செயல்கள் வேண்டவே வேண்டாம்.

தகட்டிலேயே வரும் மாற்றங்கள்

வெள்ளைப் புள்ளிகள்: கால்சியம் குறைவு என்று ஊரே சொல்லும். உண்மை அது இல்லை. நகம் கடிப்பது, தட்டுவது போன்ற சின்னச் சின்ன அடிகள் வேரில் பட்டதன் அடையாளம் அது. அடி பட்டுச் சில வாரம் கழித்துத்தான் புள்ளி வெளியே தெரியும் என்பதால் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. சிகிச்சை எதுவும் தேவையில்லை.

மஞ்சள், பழுப்பு, தடிப்பு: நகம் நுனியிலிருந்து மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். நகச்சொத்தை என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் பூஞ்சை போலத் தோன்றுவதில் ஏறத்தாழ பாதிதான் உண்மையான பூஞ்சை. சொரியாசிஸ் நோயிலும் நகம் இப்படியே ஆகும். அதில் தையல்காரரின் விரலுறை போலக் குழிகளும், எண்ணெய்ச் சொட்டு போன்ற மஞ்சள் திட்டும் தெரியும். அதனால் நகத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் மருந்து தொடங்க வேண்டும். பூஞ்சைக்கு டெர்பினஃபின் மாத்திரையைக் கை நகத்துக்கு 6 வாரமும் கால் நகத்துக்கு 12 வாரமும் கொடுப்பது வழக்கம். கல்லீரலைப் பாதிக்கக் கூடும் என்பதால் டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. மாத்திரை முடிந்த அன்றே நகம் அழகாகிவிடாது. நல்ல நகம் வளர்ந்து வர மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

பச்சை: எப்போதும் கை தண்ணீரிலேயே இருப்பவர்களுக்கும், ஒட்டு நகம் வைப்பவர்களுக்கும் நகத்தின் கீழ் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து பச்சை நிறம் தரும். விரலை உலர்வாக வைப்பதுதான் முதல் மருந்து. மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்காக்களுக்கு ரப்பர் உறை வாங்கிக் கொடுப்பது நம் பேரவை செய்யக் கூடிய நல்ல காரியம்.

குறுக்கே வெள்ளைக் கோடுகள்: எல்லா நகத்திலும் ஒரே தூரத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு விழுந்து, அது வளர்ச்சியோடு நகர்ந்தால், சில மாதங்களுக்கு முன் உடம்பு ஒரு பெரிய தாக்குதலைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். ஆர்சனிக் விஷத்தில் இது வரும் என்று 1919-இல் மீஸ் என்ற டச்சு டாக்டர் எழுதியதால் மீஸ் கோடுகள் என்றே பெயர். புற்றுநோய்க்கான சில மருந்துகளாலும் இந்தக் கோடுகள் வரும், நகம் கறுக்கவும் செய்யும். சிகிச்சை முடிந்ததும் நகம் பழைய நிலைக்குத் திரும்பும். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் தைரியம் சொல்லுங்கள்.

நீளவாக்கில் கருங்கோடு: நம்மைப் போலக் கருத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது சகஜம். ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக் கொண்டே போய், கறுப்பு பக்கத்துத் தோலிலும் பரவினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மெலனோமா என்ற புற்றுநோய் அப்படியும் வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரல் நகத்தின் கீழ் கண்டுபிடிக்கப்பட்டது இந்த நோய்தான். 1981-இல் 36 வயதில் அவர் இறந்தார். என்னுடையது போன்ற ரத்தக்கட்டு, நகம் வளர வளர நகர்ந்து போகும், அதன் பின்னால் நல்ல நகம் வரும். நகராத கருப்பைத் தோல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இதற்காகவாவது அளந்து பாருங்கள்.

அடியிலிருந்து தெரியும் நிறங்கள்

நீலம்: குளிரில் நகம் நீலமாகி, கை சூடானதும் சரியானால் பயமில்லை. உதடும் நாக்கும் சேர்ந்து நீலமானால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை அது. 2020-இல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவியும் விரல் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. அடர்ந்த நகப்பூச்சு அதன் கணக்கைக் கெடுக்கக் கூடும். ஆபரேஷனுக்கு முன் பூச்சை அழிக்கச் சொல்வது இதனால்தான்.

பெரும்பகுதி வெளுப்பு: நகம் முழுவதும் வெளுத்து நுனியில் மட்டும் சிவப்புக் கோடு தெரிவதைக் கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் கண்டு டெர்ரி என்ற டாக்டர் 1954-இல் எழுதினார். பின்பாதி வெள்ளை, முன்பாதி பழுப்பு என்று இரண்டாகப் பிரிந்து தெரிவது நாள்பட்ட சிறுநீரக நோயில் வரும். இவை இருந்தாலே நோய் என்று முடிவு கட்டக் கூடாது. வயதானவர்களுக்குச் சும்மாவும் வரும். ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சோகை: இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அம்மாவின் நகம்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வழக்கம் போலக் கட்டை விரலை அளந்து கொண்டிருந்தேன். திட்டு கிட்டத்தட்ட 10 மி.மீ. நகர்ந்து நுனிக்கு வந்திருந்தது. அம்மா டீ டம்ளரை நீட்டினார்கள்.

"என்ன சாமி, இன்னுமா அந்த நகத்தையே பாத்துட்டு இருக்கற?"

டம்ளரை வாங்கும்போது அம்மா விரல் என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் நகம் சிவப்பு. அம்மா நகம் காகிதம் மாதிரி வெளுப்பு. ஒரு விரலில் மட்டுமல்ல, பத்து விரலிலும். போதாததற்கு, நகம் குவிந்திருக்க வேண்டிய இடத்தில் கரண்டி போலக் குழிந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும். அழுத்தி விட்டுப் பார்த்தேன். அழுத்துவதற்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் சொன்ன முதல் கேள்வி காதில் விழுந்தது: "ஒரு நகமா, எல்லா நகமுமா?"

"அம்மா, உனக்கு மூச்சு வாங்குதா?"

"படியேறுனா வாங்கும். வயசாகுதில்ல. தார் சுத்தி எந்திரிச்சா கொஞ்சம் கிறுகிறுங்கும். அதுக்கென்ன இப்ப?"

அம்மாவுக்கு அப்போது வயது 43. தறிப்பட்டறையில் தார் சுற்றும் வேலை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு இல்லை. மறுநாள் "பொங்கலும் அதுவுமா ஆஸ்பத்திரிக்கா" என்று சத்தம் போட்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது, ஆண்களுக்கு 13.

ரத்தம் எங்கே போகிறது என்று டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அம்மா வாய் திறந்தார்கள். இரண்டு வருடமாக மாதவிலக்கில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி. "இதையெல்லாம் ஆருகிட்டப் போய்ச் சொல்றது சாமி" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. என் நகத்தை மூன்று மாதமாக வெர்னியர் வைத்து அளந்தவன், பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போட்ட கையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து ஒரு பக்கம், இரும்புச் சத்து ஒரு பக்கம். முதலில் டிரிப்ஸில் ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாத்திரை போடும் நேரத்தில் டீ, காபி கூடாது, இரும்பு உடம்பில் சேர்வதை அவை தடுக்கும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் சேர்ந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், ஏனென்றால் உடம்பின் சேமிப்புக் கிடங்கும் நிரம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் போகும் ஓட்டையை அடைக்காமல் இரும்பை மட்டும் ஊற்றிக் கொண்டிருப்பது வீண் வேலை. அந்த ஓட்டை அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் இருந்தது. மற்றவர்களுக்குக் கொக்கிப் புழுவாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாக, மூலமாக இருக்கலாம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை நண்பர்களே. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. நகம் வெளுக்காமலே சோகை இருப்பதும் உண்டு. ஆகவே நகம் சிவப்பாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை.

நினைவில் வைக்க ஐந்து

1. ஒரு நகமா, எல்லாமா? நகர்கிறதா, நிற்கிறதா? அழுத்தினால் மாறுகிறதா?
2. நசுங்கிய நகத்தை ஹாஸ்டல் ஊசியிடம் கொடுக்காதீர்கள்.
3. நுண்ணோக்கியில் பார்க்காமல் பூஞ்சை மருந்து வேண்டாம்.
4. ஒற்றைக் கருங்கோடு அகலமானால், உதடு நீலமானால் தாமதம் கூடாது.
5. நிறத்தை மறைக்கப் பூச்சுப் போடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

நிறைவாக

என் கருப்புத் திட்டு மாசிக் கடைசியில் நகவெட்டியோடு போய்விட்டது. அம்மாவின் நகம் நிமிர ஆடி வரை ஆனது. வேரிலிருந்து நல்ல நகம் மெல்ல மெல்ல வந்து குழியைத் தள்ளிக் கொண்டு போனதை இந்த முறையும் வெர்னியர் வைத்துத்தான் அளந்தேன். கடைசி அளவு எடுத்த அன்று ஹீமோகுளோபின் 11.9. "ஆச்சா உன்ற பரீட்சை?" என்று அம்மா கேட்டார்கள்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் விரல்களை ஒரு முறை பாருங்கள். அப்புறம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, உங்களுக்கு டம்ளரை நீட்டும் கையையும் பாருங்கள்.